எண்டர் தட்டினால் என்ன நடக்க வேண்டும்?

அந்தியூரில் பத்திரம் எழுதும் கடைகளிலும் டிடிபி கடைகளிலும் ஒரு கணினி ஏழெட்டு வருஷம் உழைப்பது சாதாரணம். வில்லங்கம் பார்ப்பது, பட்டா எடுப்பது, கிரயப் பத்திரத்துக்கு வரைவு அடிப்பது, முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுப்பது எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான். பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018 பிப்ரவரியில் வந்த பிறகு இணையம் இல்லாமல் இந்தத் தொழில் ஒரு நாளும் ஓடாது. ஆனாலும் இந்தக் கடைகளுக்கு சர்வீஸ் செய்கிறவர்கள் விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போதே அப்டேட்டை மொத்தமாக நிறுத்திவிட்டு வருவது வழக்கமாகிப்போனது. கடைக்காரர்களே அப்படிக் கேட்டு வாங்குகிறார்கள்.

விவரம் தெரியாததால் வந்த பழக்கம் என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. இயங்குதளத்தை மாற்றித்தரும் அப்கிரேடு கருவிகள் பத்தாண்டுகளாக எந்த டீஃபால்ட் அமைப்புகளோடு வந்தனவோ, அவற்றோடு பழகிய மக்கள் கண்டுகொண்ட தற்காப்பு இது. அந்தத் தற்காப்பு இன்று அவர்களுக்கே ஆபத்தாக நிற்கிறது. கருவியைச் செய்தவர்கள் எங்கே தவறினார்கள், எங்கே சரியாகச் செய்தார்கள் என்று பார்த்தால்தான் இந்தப் பழக்கத்தை மாற்றும் வழியும் தெரியும்.

கேள்வி கேட்டும் பதில் வராதபோது கருவி தானே எடுத்துக்கொள்ளும் முடிவுதான் டீஃபால்ட். அதன் பலம் எவ்வளவு என்பதற்குக் கணினிக்கு வெளியே ஒரு சான்று உண்டு. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் உடலுறுப்புக் கொடை பற்றி எழுதினார்கள். ஜெர்மனியில் கொடைக்கு ஒப்புதல் தந்திருந்தவர்கள் 12 சதவீதம். பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல். ஒரே மொழி, ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஜெர்மனியில் சம்மதம் என்று எழுதிக்கொடுத்தால்தான் கொடையாளி. ஆஸ்திரியாவில் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்காத எல்லாருமே கொடையாளி. வேறுபாடு அவ்வளவுதான். ஒரு நாட்டின் உயிர்க்கணக்கையே மாற்றும் பலம் கொண்ட இந்தச் சங்கதியை, மென்பொருள் நிறுவனங்கள் பல சமயம் விற்பனைத் தந்திரமாகவே கையாண்டிருக்கின்றன.

விண்டோஸ் 10 இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 2015 ஜூலை 29 அன்று வெளியான அது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசம். நல்ல காரியம்தான். ஆனால் அதைக் கொண்டுவந்த விதம் வேறு. வேண்டும் என்று பதிவு செய்யாதவர்களின் கணினியிலும் அப்கிரேடு கோப்புகள் மறைந்திருக்கும் ஃபோல்டர் ஒன்றில் தாமாக இறங்கின. 3 ஜிபிக்குக் குறையாத பொதி அது. ஜியோ சேவை தொடங்கியது 2016 செப்டம்பரில். அதற்கு முன் 1 ஜிபி மொபைல் டேட்டா ஏறக்குறைய 250 ரூபாய். அந்தியூரிலோ அதற்கு மேலே பர்கூர் மலையிலோ டாங்கிள் செருகி வேலை பார்த்த ஒருவருக்கு அந்த மாத டேட்டா முழுவதும் அவர் கேட்காத ஒன்றுக்குப் போயிருக்கும். ஏன் தீர்ந்தது என்றும் தெரிந்திருக்காது.

2016 தொடக்கத்தில் இந்த அப்கிரேடை ‘பரிந்துரைக்கப்பட்ட’ அப்டேட் வகைக்கு மாற்றினார்கள். பரிந்துரைக்கப்பட்டவை தாமாக நிறுவப்படட்டும் என்று விட்டிருந்தவர்களுக்கு அப்கிரேடு தானே தொடங்கியது. அறிவிப்புச் சாளரத்தை மூட மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டினாலும் குறித்த நேரத்தில் அப்கிரேடு நடக்கும் என்பதே பொருளாக இருந்தது. இருபது வருஷமாக ‘வேண்டாம், மூடு’ என்று பழகிய ஒரு குறியை ‘சரி’ என்று எடுத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் பயண முகவர் ஒருவர் வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். 2016 ஜூன் கடைசியில்தான், இலவசக் காலம் முடிய ஒரு மாதமே இருந்தபோது, தெளிவான ‘வேண்டாம்’ பொத்தான் வந்தது.

அப்கிரேடு முடிந்த பிறகும் விஷயம் ஓயவில்லை. விரைவு அமைப்பைத் தேர்ந்தெடுத்தவர்களின் இணைய உலாவி மைக்ரோசாஃப்டின் எட்ஜுக்கு மாறியது. மொசில்லாவின் தலைமை நிர்வாகி கிறிஸ் பியர்ட், விண்டோஸ் 10 வெளியான மறுநாளே சத்யா நாதெள்ளாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இதைவிட எனக்கு நெருடலாகத் தெரிவது இன்னொன்று. இறக்கிய அப்டேட்டை இணையத்தில் இருக்கும் வேறு யார் யாருடைய கணினிகளுக்கோ நம் கணினியிலிருந்து அனுப்பும் வசதி, ஹோம் பதிப்பில் டீஃபால்ட்டாகவே இயங்கியது. டேட்டாவுக்குக் காசு கொடுப்பவர் வீட்டுக்காரர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னாளில் இதைச் சொந்த வலையமைப்புக்குள் மட்டும் என்று சுருக்கினார்கள்.

இவை பெரிய தவறுகள், பத்திரிகைகளில் வந்தவை. கடையில் மனிதரைக் களைப்படையச் செய்வது பெரும்பாலும் சின்னத் தவறுகள். பத்திரக் கடை மேசையில் இரண்டு பிரிண்டர் இருக்கும்: முத்திரைத்தாளுக்கு லேசர், ரசீதுக்கு டாட் மேட்ரிக்ஸ். 2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 மேம்பாடு, கடைசியாக எதில் அச்சடித்தாரோ அதையே டீஃபால்ட் பிரிண்டராக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மடிக்கணினி தூக்கிச் செல்கிறவரை நினைத்துச் செய்த வசதி. முத்திரைத்தாளை லேசரில் ஏற்றிவைத்துவிட்டு, நடுவே ஒரு ரசீது அடித்துவிட்டு, பத்திரத்துக்கு பிரிண்ட் கொடுத்தால் அது ரசீது எந்திரத்தில் உருளத் தொடங்கும். லேசரில் காத்திருக்கும் தாளில் அடுத்து யாருடைய ஆதார் நகல் வந்து விழும் என்று சொல்ல முடியாது. பணம் கட்டி வாங்கிய தாள் அது.

எழுத்துருவிலும் இதே கதை. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து தமிழ் யுனிகோடுக்கு லதா எழுத்துருவோடு பழகியவர்கள் நாம். விண்டோஸ் 8இல் நிர்மலா வந்தது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் ‘தமிழ்த் துணை எழுத்துருக்கள்’ என்ற விருப்பத் தொகுப்புக்குப் போயின. மொழிப்பட்டியலில் தமிழைச் சேர்த்திருந்தால் தொகுப்பு தானாக வரும்; சேர்க்காவிட்டால் வராது. நம் ஊர்க் கடைகளில் மொழிப்பட்டியலில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும். அழகி, என்ஹெச்எம் ரைட்டர் போன்ற தனி மென்பொருளை வைத்துத் தமிழ் அடிப்பார்கள். அதனால் பத்தாண்டாகத் தமிழிலேயே வேலை செய்த கணினியைப் பார்த்து, இவருக்குத் தமிழ் வேண்டாம் என்று கருவி முடிவு செய்துவிடுகிறது. பழைய பத்திரத்தைத் திறந்தால் எழுத்து மாறி, வரி அகலம் மாறி, சொத்து விவரத்தின் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு இறங்கியிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கும் ஆவணத்தில் இது விளையாட்டல்ல. கணினியில் இருக்கும் கோப்புகள் எந்த எழுத்துருவைக் கேட்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நேரம் இன்னொரு பக்கம். 2016 ஆகஸ்ட் மேம்பாட்டில் ‘வேலை நேரம்’ என்ற அமைப்பு வந்தது. அந்த நேரத்துக்குள் கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது. வரவேற்கத்தக்கது. ஆனால் டீஃபால்ட் காலை 8 முதல் மாலை 5 வரை. முதலில் 12 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் முடியாது. 2017இல் அது 18 ஆனது. பதிவு அலுவலகம் மூடிய பிறகுதான் மறுநாள் பத்திரத்துக்கு வரைவு அடிப்பார்கள். டிடிபி கடைக்குக் கூட்டமே மாலைக்குமேல்தான். தொலைவில் ஏதோ ஒரு நகரத்து அலுவலக நேரத்தை அந்தியூர்க் கடைக்கு விதித்தது அந்த 5 மணி.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் கரண்ட். மின்வாரியம் மாதாமாதம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும். அறிவிப்பு முந்தின நாள் செய்தித்தாளில் வரும். அப்கிரேடுக்கோ பழைய கணினியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கடையில் இருக்கும் சின்ன யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிஷம் தாங்கும். மடிக்கணினி பேட்டரியில் ஓடினால் பல கருவிகள் எச்சரிக்கின்றன; மேசைக்கணினி சாதாரண யுபிஎஸ்ஸில் நிற்பது அவற்றுக்குத் தெரிவதில்லை. அப்கிரேடு பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே மிக முக்கியம். அதற்கு நல்ல விடை கைபேசியிலிருந்து வந்தது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7, இயங்குதளத்தை இரண்டு பிரதியாக வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்று ஓடிக்கொண்டிருக்க, மற்றொன்றில் புதியது நிறுவப்படும். புதியது எழும்பாவிட்டால் கைபேசி பழையதற்கே திரும்பிவிடும். குரோம்புக் கணினிகள் அதற்கு முன்பே இப்படி நடந்தவை. சேமிப்பிடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அது கொடுக்கத் தகுந்த விலை.

திரும்பும் வழியில் விண்டோஸ் பின்னால்தான் போனது. விண்டோஸ் 10 வெளியானபோது பழைய பதிப்புக்குத் திரும்ப 30 நாள் இருந்தது. ஓராண்டில் அதை 10 நாளாக்கினார்கள். வருஷக் கணக்கு முடிக்கும்போது மட்டும் திறக்கும் மென்பொருள் ஓடவில்லை என்று பத்து நாளில் யாருக்குத் தெரியும்? கோப்பை அழிப்பதோ இதைவிடப் பெரிய பாவம். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான 1809 பதிப்பு, ஆவணங்கள் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலரின் பழைய ஃபோல்டரைத் தேவையற்ற நகல் என்று எண்ணி, உள்ளே இருந்த கோப்புகளோடு சேர்த்து நீக்கியது. 6ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியீட்டையே நிறுத்தியது. நவம்பர் 13 அன்றுதான் திரும்ப விட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சொற்பம் என்றார்கள். இருக்கலாம். ஃபோல்டர் காலியா என்று பார்க்காமல் அழிப்பது டீஃபால்ட்டாக இருந்தது என்பதுதான் என் குறை.

இத்தனைக்குப் பிறகு கடைக்காரர் அப்டேட்டை நிறுத்தச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் அப்டேட்டோடு சேர்ந்து நிற்பது எது? 2017 மே 12 அன்று வானாக்ரை உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் கெடுமென்பொருள் அது. கேரளத்தில் வயநாடு மாவட்டத் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அகப்பட்டன. அது புகுந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே, இரண்டு மாதம் முன்பே, வெளியாகியிருந்தது. அகப்பட்டவற்றில் மிகப் பெரும்பகுதி விண்டோஸ் 7 கணினிகள். விண்டோஸ் 10 வேண்டாம் என்று 2015, 2016இல் அப்டேட்டையே மூடிவைத்தவர்களும் விண்டோஸ் 7 வைத்திருந்தவர்கள்தான்.

டீஃபால்ட் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியின் மையம் இங்கே இருக்கிறது என்பது என் முடிவு. பாதுகாப்புத் திருத்தமும் பதிப்பு மாற்றமும் ஒரே குழாய் வழியாக, ஒரே பெயரில் வந்தன. ஒழுகும் ஓட்டை மாற்ற வந்தவர் வீட்டையே இடித்துக் கட்ட ஆரம்பித்தால், அடுத்த தடவை ஓடு மாற்றக்கூட ஆளை உள்ளே விடமாட்டோம். திருத்தத்துக்கு டீஃபால்ட் ‘தானாக நடக்கட்டும்’. பதிப்பு மாற்றத்துக்கு டீஃபால்ட் ‘உரியவர் சொல்லும்வரை வேண்டாம்’. இரண்டையும் பிரிக்காத எந்தக் கருவியும் மக்களை அப்டேட்டை நிறுத்தும் பக்கமே தள்ளும்.

மைக்ரோசாஃப்டே இதைப் பாதி ஒப்புக்கொண்டது. 2019 மே மாதத்து 1903 பதிப்பில் பதிப்பு மாற்றம் தனிப் பொத்தானாகப் பிரிந்தது. ஹோம் பதிப்பினரும் 35 நாள் வரை அப்டேட்டைத் தள்ளிவைக்க முடிந்தது. அதுவரை தள்ளிவைக்கும் உரிமை, கூடுதல் விலை கொடுத்து ப்ரோ வாங்கியவருக்குத்தான். கணினிக்கென்று தனி ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் கட்டுப்பாடு அதிகம். யாருமில்லாத வீட்டுக்கும் சிறு கடைக்கும் கட்டுப்பாடு இல்லை. தலைகீழாக இருக்க வேண்டியது.

லினக்ஸ் பக்கம் இந்தப் பிரிவினை நெடுநாளாக உண்டு. உபுண்டு 16.04 முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும், தானாக மறுதொடக்கம் செய்வது டீஃபால்ட்டில் அணைந்திருக்கும். நீண்டகால ஆதரவுப் பதிப்பில் இருப்பவருக்கு அடுத்த நீண்டகாலப் பதிப்பு மட்டும் காட்டப்படும். அதுவும் வெளியான அன்றே அல்ல, சில மாதம் கழித்து முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகு. தொலைவிலிருந்து ஒருவர் சர்வரை அப்கிரேடு செய்தால், இணைப்பு அறுந்தாலும் திரும்ப நுழைய 1022 என்ற எண்ணில் இரண்டாவது வாசல் ஒன்றைக் கருவி திறந்துவைக்கும். இடையில் என்ன கெடக்கூடும் என்று அனுபவப்பட்டவர்கள் செய்த ஏற்பாடு இது. இதைப் பார்த்து எனக்கு மரியாதை.

இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனில் மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி கேட்கும் ஒரு கேள்வி இன்னும் உயர்வானது. நாம் கையால் திருத்திய அமைப்புக் கோப்பு ஒன்றுக்குப் புதிய தொகுப்பிலும் வேறு வடிவம் இருந்தால், கருவி நின்று கேட்கும்: புதியதை வைக்கவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, வித்தியாசத்தைக் காட்டவா? எதுவும் சொல்லாமல் எண்டர் தட்டினால் நம்முடைய கோப்பு அப்படியே இருக்கும். புதியது பக்கத்தில் வேறு பெயரில் வைக்கப்படும். உள்ளூர் மாற்றங்களை அப்கிரேடு காக்க வேண்டும் என்பது டெபியனின் எழுதப்பட்ட கொள்கை. கணினி யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எந்தக் கருவியிலும் இல்லை.

குறையும் உண்டு. கேள்வி ஒற்றை ஆங்கில எழுத்துகளில், கறுப்புத் திரையில் வரும். பத்திரக் கடைக்காரர் அதைப் படித்து முடிவெடுக்க முடியாது. பயந்து மின்சாரத்தை அணைத்துவிடவும் கூடும். இன்னொன்று, அப்கிரேடின்போது வெளியார் தொகுப்பு மூலங்களை உபுண்டு முடக்கிவைக்கும். மோதல் வராமலிருக்க அது சரியான முடிவு. ஆனால் முடிந்த பிறகு அவற்றைத் திரும்ப இயக்க நாம்தான் நினைவு வைத்திருக்க வேண்டும். மறந்தால் அங்கிருந்து வந்த மென்பொருளுக்குத் திருத்தம் வருவது சத்தமில்லாமல் நின்றுவிடும். பழமையைக் காக்கும் டீஃபால்ட்டும் கவனிக்காமல் விட்டால் ஓட்டையாகும். எண்டர் தட்டியவரிடம் வேலை முடிந்ததும் ‘இவற்றை நிறுத்தி வைத்திருக்கிறேன்’ என்று அவர் மொழியில் ஒரு பட்டியல் காட்டுவது கடினமா என்ன?

டீஃபால்ட்டே முடிவைத் தீர்மானிக்கும் அனுபவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சிடாக் 2007இல் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸைக் கொடுத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. எடுத்தவுடன் எது திறக்கும், எது காத்திருக்கும் என்பதே அங்கே தீர்மானமானது. பெரும்பாலான மாணவர்கள் லினக்ஸ் பக்கம் போனதே இல்லை. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யுனிகோடையும் டேஸ்16ஐயும் அரசு தரப்படுத்தியது. ஆனாலும் பல அலுவலகக் கணினிகளில் வானவில் போன்ற பழைய குறியாக்கமே நெடுநாள் தொடர்ந்தது. காகிதத்தில் தரம் மாறினாலும் கணினியைத் திறந்தவுடன் வரும் விசைப்பலகையும் எழுத்துருவும் மாறாததே காரணம்.

கேரளம் வேறு வழியில் போனது. அங்கே பள்ளிகளுக்கான கைட் அமைப்பு உபுண்டுவைத் தன் தேவைக்கேற்ப மாற்றி, மலையாள எழுத்துரு, விசைப்பலகை, பாட மென்பொருள் எல்லாம் சேர்த்து, தன் பெயரிலேயே பதிப்பு வெளியிடுகிறது. ஆசிரியர் எதையும் தேட வேண்டாம். மேம்பாடும் கைட் சோதித்த பிறகே பள்ளிக்குப் போகும். டீஃபால்ட்டை யாரோ தூரத்தில் எழுதட்டும் என்று விடாமல் தானே எழுதும் பொறுப்பை ஒரு மாநிலம் எடுத்துக்கொண்டது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாடம்.

இப்போது இது அவசரமாகியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலி உள்ள கணினி பெரும்பாலும் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை. அந்தியூர்க் கடைகளில் அப்படிப்பட்டவை நிறைய. 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் பெற வழி இருக்கிறது, ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தானே பதிந்துகொள்ள வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பவருக்குத் திருத்தம் வராது. எந்த விஷயத்தில் ‘தானாக நடக்கட்டும்’ என்பது சரியோ, அதில் ‘கேட்டால்தான்’ என்று வைத்திருக்கிறார்கள்.

2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இத்தனை லட்சம் வாங்குபவர் விற்பவரிடம் நிபந்தனை போடலாம். இப்படிப்பட்ட கொள்முதலில் செயலி என்ன, நினைவகம் எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் ஒப்பந்தப்புள்ளியில் எழுதுகிறார்கள். அதே பட்டியலில் இன்னும் சில வரிகள் சேரட்டும்: மொழிப்பட்டியலில் தமிழ் இருக்க வேண்டும், தமிழ்99 விசைப்பலகையோடு. பாதுகாப்புத் திருத்தம் தானாக நிறுவப்பட வேண்டும். பதிப்பு மாற்றம் மாணவர் கேட்ட பிறகே. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால் அதை டேட்டா வரம்புள்ள இணைப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி 10 நாளில் அடைபடாமல் ஒரு பருவத் தேர்வுக்காலமாவது திறந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒரே படிவமாக ஏற்றப்படும் அமைப்பு என்பதால் கணினிக்குக் கணினி உட்கார்ந்து மாற்ற வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தப்புள்ளியை வரைபவர்கள் இதைக் கேட்டு எழுத வேண்டும்.